ஏழாவது இதழின் இரண்டாம் பிரதி

ஜூலை 12, சனி

காலை எட்டுக்கே 91 டிகிரி ஃபாரன்ஹீட். வானத்தில் ஒரு மேகம் இல்லை. செய்ய வேண்டியவை: கார் ஆயில் மாற்ற. மகள் ஸாராவின் ஸ்கூல் பேண்ட் கேம்ப் ஃபாரம். மிலேனா வீட்டுப் பெட்டி.

பெட்டி மட்டும் நடந்தது.

மிலேனா எதிர்வீடு. எழுபத்தாறு வயது, தனி ஆள். செக் நாட்டை விட்டு வந்து நாற்பது வருடம் ஆகிறது. செக் பேக்கரிக்குப் போனால், பன்றி இறைச்சி வைத்த பன்னைத் தவிர்த்து, பழம் வைத்ததாகப் பார்த்து எங்களுக்கு நாலு வாங்கி வருவார். ரவுண்ட் ராக் என்கிற இந்த அமெரிக்க ஊரில் இப்படி ஒரு அக்கம்பக்கம் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம்.

பெட்டிக்குள் ஒரு பத்திரிகை. அரசியலும் இலக்கியமும் கலந்த மாத இதழ். ப்ராகில் அச்சாகி கடைகளில் விற்றதாம். 1968இல் ரஷ்ய டாங்கிகள் வந்த பிறகு மூடிவிட்டார்கள். ஆனால் நிற்கவில்லை. டைப்ரைட்டரில் கார்பன் வைத்து, ரகசியமாக, தடவைக்குப் பத்துப் பிரதி. கையில் கிடைத்தவர் படித்துவிட்டு இன்னும் பத்து அடித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் சந்தா. ஆட்சி மாறியதும் மறுபடி அச்சு. இப்போது வெறும் வெப்சைட். அங்கே ஒரு பெண் பத்திரிகையின் வரலாற்றை எழுதுகிறாளாம். தட்டச்சு இதழ்களின் ஸ்கேன் கேட்டிருக்கிறாள்.

ஒரே வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னவன் நான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிவதில்லை.

பெட்டியில் பழைய கவர், கூப்பன் எல்லாம் கிடக்கும், வேண்டாததைத் தூக்கிப் போட்டுவிடு என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

93. நாள் முழுக்க ஸ்கேன். வெங்காயச் சருகு மாதிரித் தாள். மெஷினில் விட்டால் கிழியும், ஒவ்வொன்றாகக் கையால். மொத்தம் 22 இதழ். ஏழாவது மட்டும் இரண்டு பிரதி: ஒன்று தெளிவு, ஒன்று கடைசிக் கார்பன், எழுத்தெல்லாம் மங்கல்.

கீழக்கரையில் டைப்ரைட்டிங் லோயர் படித்தபோது கார்பனைத் தலைகீழாக வைத்து மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது.

நஸீமா: "டைனிங் டேபிள எப்பங்க திருப்பித் தருவீங்க? மூணு வேளையும் கவுன்டர்லயே நின்னுட்டு சாப்பிடறோம்."

ஜூலை 15, செவ்வாய்

98. மீட்டிங் மேல் மீட்டிங். தலைவலி.

என் பிழைப்பு இதுதான்: சர்வரில் ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் இருந்தால் கண்டுபிடித்து ஒன்றை அழிக்கிற சாஃப்ட்வேர். பதினாறு வருடமாக இதே வேலை. சாயங்காலம் அந்தப் புத்தியையே இங்கேயும் காட்டினேன். ஸ்கேனை எழுத்தாக மாற்றி, சின்ன ஸ்க்ரிப்ட் போட்டு, இரண்டு ஏழாவது இதழையும் ஒப்பிட்டேன். 31 பக்கத்தில் 30 ஒன்றேதான். ஒன்று பொருந்தவில்லை என்று வந்தது. மங்கலைத் தப்பாகப் படித்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மங்கல் பிரதியின் ஃபைல்களை ஸ்க்ரிப்டையே அழிக்க விட்டேன். தாளைக் கவர், கூப்பனோடு பழைய தாள் எடுக்கும் நீலத் தொட்டியில் போட்டேன். டேபிள் காலி. நஸீமா சிரித்தாள். வேலை சுத்தம் என்று எனக்கும் ஒரே பெருமை.

ஜூலை 16, புதன்

காலையில் ரீசைக்கிளிங் லாரி வந்து போயிற்று.

சாயங்காலம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். மிலேனா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இன்னொரு ஏழு எங்கே என்றார். டேபிளிலேயே இருந்துவிட்டதோ என்னவோ, தேடிப் பார்க்கிறேன் என்றேன். பொய்.

அவர் நம்பி, உட்காரச் சொல்லி, கதை சொன்னார். அடித்தவர்கள் பெயர் போட மாட்டார்கள். பெயர் போட்டால் ஜெயில். அதற்குப் பதில் கடைசிப் பக்கத்தின் அடியில் அன்றைய வானிலையை ஒரு வரி அடிப்பார்கள். அடித்தவர் உயிரோடு, வெளியே இருக்கிறார் என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் புரியும். இரண்டாவது ஏழு அவர் தங்கை ஹனா அடித்தது. ஹனாவின் கடிதங்களையெல்லாம் நாட்டை விட்டுக் கிளம்பும்போது எரித்துவிட்டார். ஹனா பிறகு அங்கேயே இறந்துபோனாள். அவள் கையால் ஆனது என்று மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

பன் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். சாப்பிட முடியவில்லை.

ஜூலை 17, வியாழன்

101. ரீசைக்கிளிங் ஆபீஸுக்கு மூன்று போன். எல்லாவற்றையும் நேற்றே அழுத்திக் கட்டுக் கட்டாகக் கட்டிவிட்டார்களாம். போனை எடுத்த பெண் பாவம், ஸாரி சார், ஸாரி சார் என்றாள்.

சொன்னதும் நஸீமா காலி டேபிளைத் துடைக்க ஆரம்பித்தாள். பிறகு, "எப்படிங்க அடுத்தவங்க பேப்பர தூக்கிப் போடத் தோணுச்சு?" ஸாரா போனிலிருந்து தலை தூக்காமல், "அத்தா, யூ ஹேவ் டு டெல் ஹர்" என்றாள். பதினைந்து வயது. சரியாகத்தான் சொல்கிறாள், அதுதான் எரிச்சல்.

லேப்டாப்பைக் குடைந்தேன். ஸ்க்ரிப்ட், ஒத்துப்போன 30 பக்கத்தைத்தான் அழித்திருக்கிறது. பொருந்தாத ஒன்றை அப்படியே வைத்திருக்கிறது. 31ஆம் பக்கம். பெரிதாக்கிப் பார்த்தால் அடியில் ஒரு தனி வரி. மெஷின் பார்த்துச் சொன்னதை நான் கேட்கவில்லை.

ஜூலை 19, சனி

சொல்லிவிட்டேன். உட்காரக்கூட இல்லை, வாசலில் நின்றபடியே. தூக்கிப் போட்டது, பொய் சொன்னது, இரண்டும்.

மிலேனா உள்ளே போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது. போவதா நிற்பதா தெரியவில்லை. நின்றேன். வெயில் முதுகைச் சுட்டது. திரும்பி வந்தவர் கண் சிவந்திருந்தது. நான் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த அந்த ஒரு பக்கத்தை வாங்கி, அடியில் விரல் வைத்து, எனக்காக இங்கிலீஷில் படித்தார். "திங்கள். காலையிலிருந்து பனி. குழாய் உறைந்துவிட்டது. டீக்குக்கூடத் தண்ணீர் இல்லை."

குழாய் உறைந்தால் ஹனாவுக்கு அப்படிக் கோபம் வரும் என்றார். சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், வெட்கமாக இருந்தாலும்.

பிறகு கராஜிலிருந்து ஒரு டைப்ரைட்டரைத் தூக்கி வரச் சொன்னார். சர்ச் விற்பனையில் வாங்கிய செக் மெஷின். கையில் கிடைத்தவர் அடித்துக் கொடுக்க வேண்டும், உனக்கும் அதே சட்டம்தான் என்றார். குரலில் கோபம் இருந்தது. இருக்கட்டும்.

ஜூலை 20, ஞாயிறு

99. தெளிவான பிரதியைப் பார்த்து ஏழாவது இதழ், முதல் பக்கம், ஒரு கார்பன் பிரதியோடு அடித்தேன். ஒரு வார்த்தை புரியாது. எழுத்து எழுத்தாக, தலையில் கொக்கி, கோடு எல்லாம் வைத்து. ஒன்றரை மணி நேரம். எடுத்துப் பார்த்தால் இரண்டாம் தாள் வெள்ளை, முதல் தாளின் முதுகில் தலைகீழ் எழுத்து. கார்பன் மாற்றி வைத்திருக்கிறேன். மிலேனா பார்த்தார். புதுத் தாளை எடுத்து நீட்டினார்.

ஜூலை 23, புதன்

ஆபீஸ் விட்டதும் எதிர்வீடு. பக்கம் 14. விரல் வலி. ஒரு பன் தட்டில் வைத்திருந்தார். பழம் வைத்தது.

ஜூலை 27, ஞாயிறு

பக்கம் 31 முடிந்தது. ஹனாவின் வரியையும் அடித்தேன். எழுந்திருக்கப் போனேன். உன் வரி எங்கே என்றார். எனக்கு செக் தெரியாதே என்றேன். நான் சொல்லச் சொல்ல அடி என்று ஜன்னலைப் பார்த்தார். அடித்தேன்.

ஞாயிறு. 102 டிகிரி. மேகம் இல்லை. குழாயில் தண்ணீர் வருகிறது.