ஒரு தட்டு போதும்

ஆவடி,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள ரேணுகா அக்காவுக்கு, உங்கள் தாட்சாயிணி எழுதுவது.

நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். உங்களிடம் அதைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் எங்கள் பக்கத்து நலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நானும் பிள்ளைகளும் நன்றாக இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தேவாவும் நன்றாக இருக்கிறார், கிண்டல்தான் கூடிப்போய்விட்டது. நான் பேனாவும் பேப்பருமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, யாருக்கு லவ் லெட்டர் என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் 'காய்ச்சல் காரணமாக' என்று எழுதிய விடுப்புக் கடிதம்தான் நான் கடைசியாக எழுதியது. அதில் காய்ச்சலும் பொய், அப்பா கையெழுத்தும் பொய். இதில் எல்லாம் நிஜம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மண்ணூர்பேட்டை வீட்டுச் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போன வாரம் போய்ப் பெருக்கித் துடைத்துவிட்டு வந்தேன். ஃப்ரிட்ஜில் நீங்கள் வைத்துவிட்டுப் போன தயிர் வாயைத் திறந்து பேசாத குறைதான். கிண்ணத்தோடு தூக்கிப் போட்டுவிட்டேன். வீட்டுக்கார அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ரேணுகா எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன். சொல்லிவிட்டு மறுபடி துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனதிலிருந்து நான் எத்தனை தடவை போன் செய்தாலும், ஒன்று அடித்து ஓய்கிறது, இல்லை உங்கள் அண்ணி எடுக்கிறார். ரேணுகா தூங்குகிறாள் என்கிறார். பாவம், அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை, குரல் உள்ளே போய்விடுகிறது. நைட் ஷிப்டிலேயே ஒரு கொட்டாவி விடாத மனுஷி பட்டப்பகலில் தூங்குகிறாராம், அதை நான் நம்ப வேண்டுமாம். கடைசியில் உங்கள் அண்ணன் மகள் ஸ்வாதிதான் உண்மையைச் சொன்னாள். அத்தைக்குக் கை கால் பழையபடி வந்துவிட்டது, பேச்சுதான் குழறுகிறது, போனில் உங்கள் பெயர் வந்தால் அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார், எடுக்க மாட்டார் என்றாள். அவளைத் திட்டாதீர்கள் அக்கா. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உங்கள் மேல் கோபித்துக்கொண்டே இருந்திருப்பேன்.

உங்கள் ராஜினாமா கடிதம் வந்து சேர்ந்தது. குணசேகரன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அண்ணன் கையால் எழுதியிருந்தது, கீழே உங்கள் கையெழுத்து. சார் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியும், மேனேஜர் நாற்காலியைவிட்டு லேசில் எழுந்திருக்க மாட்டார். அன்றைக்கு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். இதை இன்னும் டைம் ஆபீசுக்கு அனுப்பவில்லை, ரேணுகா தன் வாயால் சொல்லட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு, 'வாயால்' என்று சொல்லிவிட்டோமே என்று அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்த மாதக் கடைசி வரைக்கும் மேசை டிராயரில் வைத்திருப்பாராம். அதற்குமேல் அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீங்கள் ஏன் அதை எழுதினீர்கள் என்று எனக்குத் தெரியும். டைம் ஆபீசிலிருந்து உங்கள் போனுக்கு வந்த அந்த மெசேஜ்தான். 'தாங்கள் தகவலின்றிப் பணிக்கு வராததால், உரிய மருத்துவச் சான்றுடன் உடனடியாக ஆஜராகவும். தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.' கம்பெனி டேபிளில் உட்கார்ந்தபடியே வாய் கோணி, பீஸை அளந்து பார்க்கிற கேஜ் கையிலிருந்து நழுவி விழுந்து, எங்கள் எல்லோர் கண்ணெதிரிலும் ஆஸ்பத்திரிக்குப் போன உங்களுக்குத் 'தகவலின்றி' என்று மெசேஜ். அதைக் கேள்விப்பட்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் டைம் ஆபீஸ் கதவை உடைக்கிற மாதிரி திறந்துகொண்டு போனேன். அங்கே மெசேஜ் அனுப்புகிற அந்த ரோஹித் பையன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். மேடம் பேரும் அந்த லிஸ்ட்ல வரும்னு எனக்குத் தோணவே இல்லக்கா என்று சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம் அவனை என்னவென்று திட்டுவது?

நடந்தது இதுதான். அந்த மெசேஜை முதலில் நிறுத்தியதே நீங்கள்தான். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது இதே மெசேஜ் எனக்கும் வந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்து, மஞ்சள் கண்ணோடு ஆவடியில் பஸ் ஏறி வந்து, கம்பெனி கேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் என்னை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, என் போனை வாங்கிக்கொண்டு நேராக சார் அறைக்குப் போனீர்கள். அந்த மெசேஜை அவர் வாயாலேயே சத்தமாகப் படிக்க வைத்தீர்களாம். பாதி படித்ததும் அவரால் முடியவில்லையாம். அதற்குப் பிறகுதான் புது முறை வந்தது. யார் உடம்பு முடியாமல் வராமல் போனாலும் அவர்கள் சூப்பர்வைசர் முதலில் போன் செய்து பேச வேண்டும். பேசியாகிவிட்டது என்று அவர் கம்ப்யூட்டரில் பதிந்தால் மெசேஜ் போகாது. எல்லாம் சரி, சூப்பர்வைசருக்கே உடம்பு முடியாமல் போனால் யார் பேசுவது என்று யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்கெல்லாம் நீங்கள் இருந்தீர்கள். உங்களுக்கு யாரையும் போட்டு வைக்கவில்லை. யாரும் பதியவில்லை, மெஷின் பாட்டுக்கு அனுப்பிவிட்டது. கம்பெனி உங்களை வேண்டாம் என்று சொன்னது அல்ல அக்கா அது. சத்தியமாகச் சொல்கிறேன்.

நீங்கள் போன் செய்கிற அழகைப் பற்றி உங்களிடமே சொல்கிறேன், சிரிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் உங்கள் போன் வரும். எடுத்ததும் "இன்னிக்கு இன்னா கொழம்பு?" துறையூரிலிருந்து வந்த நீங்கள் எங்களிடம் கற்றுக்கொண்ட மெட்ராஸ் பாஷையே அது ஒன்றுதான், அதிலும் எங்களைப் போல 'கொயம்பு' என்று வராது, 'கொழம்பு' மட்டும் உங்கள் ஊர்ப்பக்கமே நிற்கும். காமாலையில் படுத்திருந்த எனக்கு அந்தக் கேள்வி முதலில் எரிச்சலாக இருந்தது. கொயம்பா, கஞ்சிதான்க்கா கீது என்றேன். யார் வைத்தது என்று கேட்டீர்கள். நானே வைத்தேன் என்றேன். மறுநாள் காலையில் நம்மோடு வேலை செய்கிற வர்ஷா டிபன் கேரியரோடு வாசலில் நின்றாள். நான் சாப்பிடுகிறேனா, எழுந்து நடமாடுகிறேனா, வீட்டில் துணைக்கு ஆள் இருக்கிறதா எல்லாவற்றையும் ஒரு குழம்பை வைத்தே தெரிந்துகொண்டுவிடுவீர்கள். 'எப்போ வருவ' என்று மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

இஸ்மாயில் அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து கிடந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? கம்பெனி போன் வந்தாலே அவர் வீட்டில், அவர் கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். எழுந்து உட்காரவே முடியாத மனுஷன் எந்தக் கடைக்குப் போவார் என்று நீங்கள் கேட்கவில்லை. சரி, வந்ததும் பேசச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, போனை வைக்காமல் ஓடிக்கொண்டிருந்த அவர் பிரஸ் மெஷின் பக்கமாகக் காட்டினீர்கள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கத்தல். எவன்டா அது என் மெஷின்ல கைய வச்சது, கிளட்ச்ச போட்டு இன்னா அடி அடிக்கிறான் பாரு! கடைக்குப் போனவர் வந்துவிட்டார் போலிருக்கிறது என்றீர்கள். இன்றைக்கும் அவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

வர்ஷாவுக்குக் கரு கலைந்தபோது நீங்கள் அவளிடம் முதலில் கேட்டது, இங்கே எல்லோரிடமும் நான் என்ன சொல்லட்டும் என்றுதான். உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லுங்கள் என்றாளாம். நீங்கள் அதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. நானே எத்தனையோ விதமாகக் கேட்டுப் பார்த்தேன், என் வாய் சும்மா இருக்குமா? அது அவ உடம்பு, அவ சொன்னா தெரிஞ்சிக்கோ என்று முடித்துவிட்டீர்கள். அவளாகவே பல மாதம் கழித்து என்னிடம் சொன்னாள். நீங்கள் அப்படிக் காப்பாற்றியதால்தான் மறுபடி தலை நிமிர்ந்து கேட்டுக்குள் வர முடிந்தது என்றாள். எனக்கு உங்கள் மேல் எவ்வளவு மரியாதை என்று நான் இதுவரை உங்களிடம் சொன்னதே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

உங்கள் இடத்தில் என்னைத்தான் உட்கார வைத்திருக்கிறார்கள், தற்காலிகமாக. இப்போது யாராவது உடம்பு முடியாமல் படுத்தால் நான்தான் போன் செய்ய வேண்டும். முதல் போனிலேயே 'எப்போ வருவ' நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆர்டர் தலைக்கு மேல் இருக்கும்போது அதைக் கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷம் நீங்கள் அதைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்களிடம் குழம்பு விசாரித்திருக்கிறீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும்.

பேச்சு குழறுகிறது, இனி சூப்பர்வைசர் வேலைக்கு நான் எதற்கு என்று நினைக்கிறீர்கள். சரி, நான் ஒன்று கேட்கிறேன். அந்த பிரஸ் ஷாப் சத்தத்தில் உங்கள் குரலை எந்த மகராசி கேட்டாள்? அத்தனை மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் காது கேட்காது. நீங்கள் எங்களிடம் பேசியதெல்லாம் கேஜால் டேபிளில் தட்டித்தானே? ஒரு தட்டு என்றால் அந்தப் பீஸைத் தள்ளி வை, ரிஜெக்ட். ரெண்டு தட்டு என்றால் சரியாக இருக்கிறது, அனுப்பு. விடாமல் தட்டினால் டீ வந்துவிட்டது. என்னை நீங்கள் வேலை பழக்கியது முழுக்க இந்தத் தட்டுகளில்தான். அங்கே உங்கள் வாய் தேவைப்பட்டதே போனுக்கு மட்டும்தான். அந்தப் போனை உங்களுக்காக நான் பேசுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து நான் உளறும்போது முறைத்துப் பாருங்கள், அது போதும்.

கம்பெனியில் எல்லோரும் உங்களை விசாரிக்கிறார்கள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும் அக்கா? நீங்கள் சொல்கிறபடிதான் சொல்வேன், சார் கேட்டாலும் அவ்வளவுதான்.

வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நான் போன் செய்வேன். அண்ணி எடுக்க வேண்டாம், ஸ்வாதி எடுக்க வேண்டாம், நீங்கள் எடுங்கள். ஒரு வார்த்தை பேச வேண்டாம். கையில் ஒரு கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நான் குழம்பு பெயராகச் சொல்லிக்கொண்டே வருவேன். சாம்பார், காரக்குழம்பு, மீன் குழம்பு என்று. சரியானது வந்ததும் ரெண்டு தட்டு தட்டுங்கள். வெறும் ரசம்தான் என்றால் தட்டவே வேண்டாம், உங்கள் அண்ணியிடம் சண்டைக்கு நான் நேரிலேயே வருகிறேன்.

அப்புறம் சார் டிராயரில் இருக்கிற அந்தக் கடிதத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்பேன். சாரும் பக்கத்தில் இருப்பார். அதை அனுப்புவதா, தள்ளி வைப்பதா என்று. நீங்கள் யோசித்து எதைத் தட்டினாலும் எங்களுக்குச் சம்மதம். ஆனால் தாயே, ஒரு தட்டு போதும்.

வேளைக்கு மாத்திரை போடுங்கள். டாக்டர் சொல்லிக்கொடுத்த பேச்சுப் பயிற்சியை விடாதீர்கள், ஸ்வாதி பக்கத்தில் இருக்கும்போது கூச்சப்பட வேண்டாம். தேவாவும் பிள்ளைகளும் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். எல்லாச் சாமியும் உங்கள் பக்கம் இருக்கட்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன், அதை நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்.

உங்கள் கேஜை யாருக்கும் கொடுக்காமல், தினமும் எண்ணெய் தொட்டுத் துடைத்து வைத்திருக்கும்,
உங்கள் தங்கை
தாட்சாயிணி