காரணம் கேட்காத விடுப்பு

16.3.2024, சனிக்கிழமை
மாலை 4.20 மணி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீ நலமா என்று இம்முறை கேட்கப் போவதில்லை. இல்லை என்று நீயே எழுதிவிட்டாய், ஒளிக்காமல் எழுதியதற்கு முதலில் என் நன்றி. மூன்றாம் தேதியிட்ட உன் கடிதம் பதினொன்றாம் தேதி திங்கட்கிழமை பகல் 11.40க்குக் கிடைத்தது. போனில் பேசியிருக்கலாம்தான், ஆனால் போனில் நான் இருமுவேன், நீ அவசரமாகச் சிரிப்பாய், இருவரும் வைத்துவிடுவோம். இந்தக் கடிதமும் எட்டு நாளில் வந்தால் இருபத்து நான்கு ஞாயிறு, அன்று தபால் இல்லை, ஆகவே இருபத்தைந்து திங்களன்று உன் கையில் இருக்கும். நீ வேலை செய்யும் மருத்துவமனைக்குப் பதில் சொல்ல வேண்டிய இருபத்தெட்டுக்கு மூன்று நாள் மிச்சம். என் எழுத்து நெளிவதைப் பார்த்துப் பயந்துவிடாதே, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். உன் அண்ணன் வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிக்கிறாள், ஆறு வயதிலேயே அந்தப் புத்தி எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு நாள் கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டதாகவும், அதன்பின் ஐந்து வாரமாக விடுப்பில் இருப்பதாகவும், முழுப் பொறுப்புக்குத் திரும்புவதா அல்லது அவர்கள் தருகிற அரை நாள் வேலையை ஏற்பதா என்று தவிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். அதைவிட என்னை உலுக்கியது நீ எழுதியிருந்த விதம். 'பொருள்: விடுப்பு குறித்த விளக்கம்' என்று தலைப்பு, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட காரணங்கள். கூடவே ஓர் அட்டவணை: காலை நடை, மூச்சுப் பயிற்சி, நாட்குறிப்பு, குளிர்ந்த நீர்க் குளியல், இருபத்திரண்டு நாளில் ஒன்பது நாள் தவறிவிட்டேன், என்னை நானே கவனித்துக்கொள்வதிலும் தோற்றுவிட்டேன் என்று அடிக்குறிப்பு. ஓய்வுக்கும் மதிப்பெண் போட உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. 8.10.1999, வெள்ளிக்கிழமை. கணக்கில் அறுபத்தொன்று வாங்கினாய், உனக்குப் பதினொரு வயது. அலுவலகத்தில் எங்களிடம் கேட்பதைப் போலவே உன்னிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்டேன். நீயும் எழுதிக் கொடுத்தாய், நான் அடியில் 'பார்த்தேன்' என்று கையொப்பமிட்டுக் கோப்பில் வைத்தேன். உன் அம்மா அன்று, "அவ நம்ம பொண்ணா, இல்ல உங்க ஆபீஸ் குமாஸ்தாவா?" என்று கேட்டாள். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை அப்படிப் பதினான்கு விளக்கங்கள் வாங்கியிருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூடத் தேவைப்பட்டிருக்கவில்லை. இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை; என்னை மன்னித்துவிடு.

இந்த வாரம் வீட்டில் பழைய மின்கம்பிகளை மாற்றினோம், பன்னிரண்டு முதல் பதினான்கு வரை மூன்று நாளும் மின்சாரம் இல்லை. யார் எங்கே உட்காருவார்கள், எங்கெங்கே விளக்கு வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கேட்டிருந்தார். முப்பத்து நான்கு ஆண்டு வரைபடப் பிரிவில் இருந்தவன் வாயால் சொல்வேனா, வீட்டின் படத்தையே வரைந்து கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், பூனைக்குக்கூட ஒரு பாயிண்ட் போட்டிருக்கீங்க. ஊர்ல இல்லாத பொண்ணுக்கு ரெண்டு. உங்களுக்கு ஒண்ணையும் காணோமே, நீங்க இந்த வீட்லதானே இருக்கீங்க?" என்றார். சமையலறையிலிருந்து உன் அம்மா, "அவர் காலண்டர்லதான்பா இருக்காரு, அங்கயே ஒரு பல்பு மாட்டிடு" என்றாள். அவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு எங்கே உட்காரப் பிடிக்கும் என்று யோசித்தபோது உண்மையாகவே தெரியவில்லை.

மறுநாள் புதன்கிழமை பகலுணவுக்குப் பின் அந்த இடத்தைத் தேடிக்கொண்டே அறை அறையாக நடந்தேன். நடைவழியின் மேற்கு ஜன்னலருகே எலக்ட்ரீஷியன் கவிழ்த்து வைத்திருந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தேன். மின்விசிறி இல்லை, குளிர்ப்பெட்டியின் உறுமல் இல்லை. வீட்டுக்கு இத்தனை அமைதி உண்டென்று அன்றுதான் கேட்டேன். ஜன்னல் வெயில் சுவரில் வெறுங்காலோடு நடப்பதைப் போல மெல்ல நகர்ந்தது. கண் மூடியதா, திறந்திருந்ததா, சொல்லத் தெரியவில்லை. சுவர்களெல்லாம் படியெடுக்கும் தாளைப் போல மெலிந்து ஒன்றன்பின் ஒன்றாக அறைகள் தெரிந்தன, அவற்றின் ஊடே பதினொரு வயதில் நீ ஒரு தாளோடு வந்தாய். வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். நீ கொடுக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாய். வெளிச்சத்தில் தூசி மிதப்பதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. என் வாழ்நாளில் நான் குறித்து வைக்காத நேரம் அது ஒன்றுதான்.

எழுந்தபோது என் வலக்கை மடியில் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆண்டாகவே நடுங்குகிறது. கண் சரியில்லை என்று பொய் சொல்லி உன் அண்ணனிடம் கடிதங்களைத் தட்டச்சு செய்யச் சொன்னதும் அதனால்தான். கோணல் கோட்டோடு உன் முன்னால் வர எனக்கு வெட்கம். நேற்று மருத்துவரிடம் போய், கால்சட்டைப் பையிலேயே ஒளித்து வைத்திருந்த கையை எடுத்து மேசைமேல் வைத்தேன். வயதின் நடுக்கம்தான், பெரிதாக ஒன்றுமில்லை என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். இதைச் செய்ய எனக்கு எழுபத்து மூன்று வயது ஆகியிருக்கிறது, நீ அவ்வளவு காத்திருக்காதே. அந்த அட்டவணையைக் கிழித்துப் போடு. குளிர்ந்த நீர் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது, வெந்நீரிலேயே குளி. நடக்கப் பிடிக்காத நாளில் படுத்திரு, அழ வந்தால் அழு, அதற்குப் பக்கத்தில் குறி போடாதே. அரை நாள் வேலையை ஏற்றால் சிறுத்துப் போவேன் என்று எழுதியிருக்கிறாய். அளவைக் குறைத்து வரைவதால் எந்தக் கட்டடமும் சிறுத்துவிடுவதில்லை என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும்.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றாய், நான் சொல்லவில்லை. உறையின் மேலிருந்த உன் எழுத்தைப் பார்த்தே, "பொண்ணு சரியா தூங்கறதில்ல போல" என்றாள். அவளுக்குத் தனியாக நான்கு வரி எழுது, மறந்துவிடாதே. இருபத்தெட்டாம் தேதி உன் மனம் எதைச் சொல்கிறதோ அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கு. முழு நாளோ, அரை நாளோ, எனக்குச் சொல்லத் தோன்றும்போது சொன்னால் போதும். காரணம் மட்டும் எழுதாதே. உடம்பும் மனமும் இளகி, உனக்குப் பிடித்த வேகத்தில் நீ நீண்ட காலம் வாழ வேண்டும். இந்தக் கடிதத்துக்குப் பதில் வந்து சேர வேண்டிய கடைசித் தேதி எதுவும் இல்லை.

என்றும் உன்
அப்பா