இரண்டாம் பாதியில் ஒரு சிம்பொனி

மவுண்ட் ஆல்பர்ட்,
25 மார்ச் 2024

அன்புள்ள யோகா அக்கா,

போனை எடுக்க மாட்டேங்கறீங்க, அதனால கடிதம். ரெண்டு செவ்வாய்க்கிழமையா ஆர்க்கெஸ்ட்ரா பயிற்சிக்கு வரல. பதினாறு வருஷமா என் பக்கத்துல நீங்க உட்கார்ந்த நாற்காலியில வேற யாரும் உட்கார்ந்திடக் கூடாதுன்னு என் வயலின் பெட்டியை வச்சிருக்கேன்.

கமிட்டியில உங்களுக்கு எதிரா கை தூக்கினேன், அதானே கோபம்? ஆகஸ்ட் கச்சேரிக்கு நீங்க சொன்ன அந்தக் கறுப்பினப் பெண்மணியோட சிம்பொனி எனக்குப் பிடிக்கும் அக்கா. ஆனா பேர் தெரியாத ஒருத்தங்களோட நாற்பது நிமிஷ சிம்பொனிக்கு நம்ம ஆளுங்க டிக்கெட் வாங்குவாங்களா? அவங்க எழுதின சின்னது ஒண்ணை ஆரம்பத்துல வாசிக்கலாம்னுதான் சொன்னேன்.

வீட்டுக்குப் பின்னாடி ஃபெய்ஜோவா மரத்துல பழம் பழுத்துக் கொட்டுது. வந்து எடுத்துட்டுப் போங்க.

உங்கள் மாலினி


லின்ஃபீல்ட்,
1 ஏப்ரல் 2024

அன்பின் மாலினி,

ஓம், கோபம்தான். ஆனால் கை தூக்கினதுக்கு இல்லை. பிடிக்காட்டி எதிர்க்கலாம். பிடிச்சிருக்கு எண்டு எழுதியிருக்கிறீர், அதுதான் கூட நோகுது.

தொடக்கத்திலை பத்து நிமிஷம் எண்டால் என்னெண்டு உமக்குத் தெரியாதோ? சனம் அப்பதான் கார் விட இடம் தேடும். அந்த மனுசி தொண்ணூறு வருஷத்துக்கு முந்தி இதை எழுதிப்போட்டு, ஒருக்கால் வாசியுங்கோ எண்டு ஆர்க்கெஸ்ட்ரா நடத்திற கண்டக்டர்மாருக்கெல்லாம் கடிதம் போட்டவ. பதில்கூட வரேல்லை. இப்ப நாங்களும் அவவைக் கூப்பிட்டு வாசலிலேயே நிப்பாட்டி வைக்கிறதோ?

உம்மோடை கதைக்காமல் இருக்க எனக்கும் ஏலாமல்தான் கிடக்கு. அதையும் எழுதத்தானே வேணும்.

யோகராணி


மவுண்ட் ஆல்பர்ட்,
12 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

உண்மையைச் சொல்லிடறேன். நீங்க அந்தப் பெண்மணி பேரைச் சொன்னதும் மேசையைச் சுத்தி இருந்த வெள்ளைக்காரங்க எல்லாரும் என்னைத்தான் பார்த்தாங்க, நாம ரெண்டு பேரும் சேர்ந்து திட்டம் போட்டு வந்த மாதிரி. பயந்துட்டேன். இடைவேளையில யாராவது "உங்க நாட்டு இசை வாசிக்கறதில்லையா?"ன்னு கேட்டா சிரிச்சுக்கிட்டே நிப்பேனே, அதே பயம். முதல் ஆளா கை தூக்கிட்டேன்.

நேத்து கமிட்டியில எழுந்து, "போன தடவை பயத்துல எதிர்த்தேன், மறுபடி ஓட்டு எடுங்க"ன்னு கேட்டேன். "யோகா சொல்லிக் கொடுத்தாங்களா?"ன்னு ஒருத்தர் கேட்டார். "அவங்க என்கிட்ட பேசுறதே இல்ல"ன்னேன்.

ஒரு ஓட்டுல ஜெயிச்சாச்சு. ஆகஸ்ட் 17, இரண்டாம் பாதி, முழு சிம்பொனி. நீங்க வராட்டியும் வாசிப்பேன். வந்தா நல்லா வாசிப்பேன்.

மாலினி


லின்ஃபீல்ட்,
18 ஓகஸ்ட் 2024

என்ரை மாலினிக்கு,

உம்மட போன கடிதத்துக்குப் பதில் எழுதாமல் வயலினைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்கே வந்திட்டன். நாலு மாசம் பக்கத்திலை இருந்தும் ரெண்டு பேரும் அதைப்பற்றி வாய் திறக்கேல்லை. அதாலைதான் இந்தக் கடிதம்.

சனம் டிக்கெட் வாங்காது எண்டு நீர் சொன்னதும் சரி. நேற்று மண்டபத்திலை மூண்டிலை ஒரு பங்கு காலி. இடைவேளையோடை எழும்பிப் போனவையையும் கண்டனான். ஆனால் முடிய, இருந்த சனம் எழும்பி நிண்டு தட்டின தட்டு இன்னும் காதுக்குள்ளை நிக்குது.

பயம் உமக்கு மட்டும் எண்டு நினையாதையும். கமிட்டியிலை வாய் திறக்க முந்தி, அந்த மனுசியின்ரை பேரை ஒரு துண்டிலை எழுதி ரெண்டு வருஷம் கைப்பைக்குள்ளை கொண்டு திரிஞ்சனான்.

கடைசிப் பகுதியிலை, வாசிக்காமல் தாளம் எண்ணிக்கொண்டிருக்கிற இடத்திலை, நீர் எண்ணிக்கை பிழைச்சு முந்தித் தொடங்கிட்டீர். நானும் கூடவே தொடங்கினதாலை, பிழை இல்லை எண்டு நினைச்சிருப்பீர். நான் சரியாத்தான் எண்ணிக்கொண்டிருந்தனான். உம்மட வில் அசைஞ்சதைக் கண்டன். உம்மைத் தனிய வாசிக்க விட மனம் வரேல்லை.

அக்கா