இடது மூலைப் பனி

எர்லன்கிரண்ட்,
16 நவம்பர் 1980, ஞாயிறு

அன்பு மகள் மார்லீஸுக்கு,

அப்பா எழுதுவது. சுரங்கத்தில் இறங்குகிறவனும் ஏறுகிறவனும் சொல்லிக்கொள்ளும் நம் ஊர் வணக்கத்தோடு ஆரம்பிக்கிறேன், கிளுக் அவுஃப். கடற்கரையில் அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள் என்று நீ ஒருமுறை எழுதியிருந்தாய், சிரித்துவிட்டுப் போகட்டும். நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை யோர்க்கும் பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி படி இறங்கும்போது மட்டும். எனக்கு இருமல், அது சுரங்கம் கொடுத்தது, புதிதில்லை. இந்த வருஷத்து முதல் பனி வியாழக்கிழமை விழுந்தது. பேக்கரி பவுலா வழக்கம்போல் கடை வாசலில் நின்றுகொண்டு, வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "என்ன எவால்ட், ஞாயித்துக்கெழமை மேட்ச் இருக்கா? மம்பட்டி கொண்டாரணுமா?" என்று கேட்டாள். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு முதல் பனிக்கும் அதே கேள்வி. அவள் அம்மா கேட்டாள், இப்போது இவள் கேட்கிறாள், நாளை இவள் மகள் கேட்பாள். நான் இரண்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நீ அனுப்பிய, உங்கள் துறைமுகக் கால்பந்து கிளப்பின் வெள்ளிவிழாப் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள், நல்ல அச்சு. ஐம்பத்து நாலு ஐம்பத்தைந்தாம் வருஷத்து முதல் பிரிவில் ஆடிய பதினாலு கிளப்புகளின் பட்டியல் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது. டர்பைன், மோட்டார், கெமி, லோகோமோட்டிவ் என்று ஒவ்வொரு தொழிலின் பெயரிலும் ஒரு கிளப், எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் உங்கள் துறைமுகத்தின் பெயர். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனாலும் அந்த வருஷத்து ஆட்டம் ஒவ்வொன்றையும் என் கையால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தப் பருவத்தில் பதினேழு ஆட்டம் ஆடியது நம் ஊர் அணி, அக்டிவிஸ்ட் எர்லன்கிரண்ட். துறைமுகத்தின் பெயரில் ஆடியது ஒன்பதே ஆட்டம். புத்தகத்தில் நம் ஊர்ப் பெயர் அச்சுப்பிழையாகக்கூட ஓர் இடத்திலும் வரவில்லை. பென்சிலால் அடித்துத் திருத்தி வைத்திருக்கிறேன், நீ வரும்போது பார். இந்தக் கடிதத்தை வழியில் பிரித்துப் படிக்கிறவர்கள் இருந்தால் அவர்களும் பார்க்கட்டும், என் நோட்டில் பொய் கிடையாது.

இனி உன் சித்தப்பா லோதர் விஷயம். நுரையீரலில் கட்டி என்றும், வசந்தம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருக்கிறாய். நர்ஸ் வேலை பார்க்கிறவள் நீ, தெரியாமல் எழுதமாட்டாய். நம் மலைக் கல்லறையில் எங்கள் அம்மாவின் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஓர் இடத்தை அவன் கேட்கிறான் என்றும், உரிமை என் பேரில் இருப்பதால் நான் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். உன் அம்மா அதைப் படித்ததிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்கிறாள். "குடுத்துத் தொலைங்களேன், செத்தவன்கிட்ட என்ன ரோஷம்" என்கிறாள். அவன் இன்னும் சாகவில்லையே என்றேன் நான். அன்று பயிற்சி முகாம் என்று சொன்னது வெறும் சாக்கு என்பது தனக்கே ரயில் ஏறிய பிறகுதான் தெரியும் என்று லோதர் உன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நீ அப்போது ஆறு வயதுப் பிள்ளை, உனக்கு ஒன்றும் தெரியாது. பிறகு நீ பெரியவளாகி அங்கே வேலைக்குப் போய் அவன் வீட்டிலேயே தங்கியபோது அவன் பக்கத்துக் கதையை மட்டும் கேட்டு வளர்ந்தாய். முதலில் அணியைக் கொண்டுபோனார்கள், அதோடு தம்பியை, பிறகு உன்னை. அதைச் சொல்லிக்காட்டவேண்டும் என்று நினைக்கவில்லை, எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

நடந்தது இதுதான். ஐம்பத்தைந்து பிப்ரவரி. நான் சுரங்கத்தில் காலை ஷிப்ட், மற்ற நேரம் மைதானக் காவல். லோதர் இடது ஓரத்தில் ஆடுகிறவன், ஊரே அவன் பின்னால். வெள்ளிக்கிழமை மத்தியானம் வீட்டுக்கு வந்தான். ஒரு வாரம் பயிற்சி முகாம், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நேராக மைதானத்துக்கே பஸ்ஸில் கொண்டுவந்து விடுவார்கள் என்றான். பெட்டி இல்லை, உன் பெட்டியைக் கொடு என்றான். என் கல்யாணப் பெட்டி, பழுப்புத் தோல், மூலையில் பித்தளை. கொடுத்தேன். வாசலில் பூட்ஸைக் கட்டிக்கொண்டே, "அண்ணே, இடது மூலையில நல்லா சுரண்டி வைங்க, போன தடவை அங்கதான் சறுக்கி விழுந்தேன்" என்றான். சரி என்றேன். "ஞாயித்துக்கெழமை பாக்கலாம்" என்றான். எழுத்துக்கு எழுத்து இதுதான் அவன் சொன்னது.

சனிக்கிழமை மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கடற்கரைக்கு மாற்றப்பட்டுள்ளது என்று ஒரே வரி. இங்கேதான் நாங்கள் ஏமாந்தோம். வேறு எந்த ஊர்க்காரனாவது அந்தத் தாளைப் படித்து நம்பியிருப்பான். நமக்கு அது பழகிய தாள். ஒவ்வொரு குளிர்காலமும் உங்கள் மைதானம் பனியில் ஆடத் தகுதியில்லை, ஆட்டம் வேறு ஊருக்கு மாற்றப்படுகிறது என்று எழுதுவார்கள், ஒவ்வொரு முறையும் ஊர் திரண்டு பனியை வாரிக் கொட்டி மைதானத்தைக் காட்டினால், நடுவர் வந்து பார்த்துவிட்டு விசில் ஊதுவார். அதே கதைதான் என்று நினைத்து ஊரைக் கூட்ட நானே மணி அடித்தேன். நான்தான் அடித்தேன், அதை மறைக்கவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டுக்கு ஓர் ஆள் என்று நானூறு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள். சர்ச்சில் பாதிரியார் பிரசங்கத்தைக் கால்வாசியோடு முடித்துக்கொண்டு அவரும் வந்தார். பெண்கள் வாளியில் டீ கொண்டுவந்தார்கள். ஓரங்களில் ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் எழும்பியது. சாம்பலால் கோடு போட்டோம். இடது மூலையை யாரையும் தொடவிடாமல் நானே சுரண்டினேன், பனிக்கு அடியில் ஐஸ், ஐஸுக்கு அடியில் புல், புல் தெரியும்வரை. கையில் தோல் உரிந்தது. இரண்டு மணி ஆயிற்று, பஸ் வரவில்லை. எதிரணியும் இல்லை, நடுவரும் இல்லை. உடைமாற்றும் அறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, யாரோ அங்கே இருந்த ரேடியோவைத் திருப்பினார்கள். துறைமுகத்தின் புது அணி என்று அறிவித்துவிட்டு, பதினொரு பேரை ஒவ்வொருவராகப் படித்தான் அறிவிப்பாளன். பதினொன்றும் நம் பிள்ளைகள். நானூறு பேரும் ஜன்னலைச் சுற்றி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டோம். இரண்டாவது கோலை லோதர் போட்டான். பழக்க தோஷத்தில் ஐந்தாறு பேர் கை தட்டிவிட்டார்கள். அதில் ஒருவன் நான். இதை இதுவரை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

மேலே இருக்கிறவர்களுக்குக் கடற்கரையில் ஒரு பெரிய அணி வேண்டியிருந்தது, மலையில் சின்ன ஊரில் ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டார்கள். அதிகாரம் இருக்கிறவன் எடுப்பான், அதை நான் என்றோ விழுங்கிவிட்டேன். தம்பிக்கு வாய் இருந்தது, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைத்தான் விழுங்க முடியவில்லை. அவனுக்கே தெரியாது என்கிறாயே, அன்று நான் வீட்டுக்கு வந்து கையைச் சூடாக்க அடுப்பருகில் உட்கார்ந்தபோது, எதிர்ச் சுவரில் எங்கள் அம்மா படத்தின் சட்டம் காலியாக இருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. கண்ணாடியைக் கழற்றி, படத்தை மட்டும் உருவிக்கொண்டு, கண்ணாடியை மறுபடி பொருத்தி, ஆணியில் நேராக மாட்டிவிட்டுப் போயிருந்தான். ஒரு வார முகாமுக்குப் போகிறவன் செத்துப்போன அம்மாவின் படத்தை எடுத்துக்கொண்டு போவானா, நீயே சொல். தெரிந்துதான் என்னிடம் மூலையைச் சுரண்டச் சொன்னான். ஏன் சொன்னான் என்று இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன். சந்தேகம் வராமல் இருக்கவா, வேறு பேச்சு வாயில் வராததாலா, எனக்குத் தெரியவில்லை. அவன் அதற்குப் பிறகு எழுதிய நாலு கடிதத்திலும் கடல்காற்றைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியும்தான் எழுதினான். நாலையும் பிரித்துப் படித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். பிரிக்காமல் அனுப்பியதாக அவன் உன்னிடம் சொல்லியிருந்தால் அதுவும் பொய். அந்தச் சட்டம் இன்னும் அதே ஆணியில்தான் இருக்கிறது. வெறும் சட்டத்தை எதற்குத் துடைக்கிறாய் என்று உன் அம்மாவை நீ சின்ன வயதில் கேட்பாய், ஞாபகம் இருக்கலாம்.

அதனால் என் முடிவைச் சொல்கிறேன், அவனிடம் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல். பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தால் இடம் கிடையாது, நான் கையெழுத்துப் போடமாட்டேன், நீ அழுது எழுதினாலும் போடமாட்டேன். உயிரோடு வந்தால் உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏறிப்போன அதே நிலையத்தில் பகல் வெளிச்சத்தில் இறங்கட்டும். படத்தைக் கொண்டுவந்து அவன் கையாலேயே சட்டத்தில் வைக்கட்டும். அன்று தெரியுமா தெரியாதா என்பதை அம்மா படத்துக்கு முன்னால் நின்று என்னிடம் சொல்லட்டும். தெரியும் என்று சொன்னால் போதும், அதற்கு மேல் ஒன்றும் கேட்கமாட்டேன், மறுநாளே கல்லறை அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். மன்னித்ததாக அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். இடம் வேறு, மன்னிப்பு வேறு. கல்லில் அந்த கிளப்பின் சின்னம் செதுக்கக் கூடாது, இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளிவிழா மேடையில் அவனுக்குக் குத்திய பதக்கத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வரட்டும். அடுத்த ஞாயிறு இறந்தவர்களின் ஞாயிறு, எங்கள் அம்மா கல்லறையில் தேவதாருக் கிளை பரப்பப் போகிறேன். பக்கத்து இடத்தையும் சேர்த்தே மூடி வைப்பேன், மண் இறுகிவிடக் கூடாது.

டிசம்பர் பதிமூன்று சனிக்கிழமை பிற்பகல் மூன்றேகாலுக்கு இங்கே வந்துசேரும் வண்டி உங்களுக்கு வசதி, வழியில் இரண்டே இடத்தில்தான் மாறவேண்டும். நீ கூடவே வா, அவனைத் தனியாக அனுப்பாதே. வண்டியில் ஜன்னல் ஓரம் உட்காரவைக்காதே, கம்பளி சுற்றி விடு. என் பெட்டியில்தான் துணி வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல், எறிந்துவிட்டான் என்றால் அதையும் எனக்கு முன்னாலேயே எழுதிவிடு. அம்மா கிறிஸ்துமஸ் ரொட்டி மூன்று சுட்டுத் துணியில் கட்டி வைத்திருக்கிறாள். ஒன்று உங்களுக்குப் பார்சலில் வருகிறது, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து வாரங்கள் தொடங்கும்முன் வெட்டிவிடாதே. மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன், உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். பிள்ளைக்குத் தொண்டை கட்டாமல் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் இருக்க நானும் அம்மாவும் தினமும் நினைக்கிறோம், எங்கள் ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு.

நிலையத்திலிருந்து வீடுவரை ஏற்றம் என்பது உனக்குத் தெரியும். அன்றைக்குப் பனி விழுந்திருந்தால் காலையிலேயே வழி முழுவதையும் ஒதுக்கிவைத்துவிடுவேன், பால்கடை திரும்பும் இடது மூலையை அடிவரை சுரண்டிவிடுவேன். இதை மட்டும் அவனிடம் சொல்லாதே.

என்றும் உன் நலம் கோரும் அப்பா,
எவால்ட் ஃபிக்ட்னர்