அப்பா பிடித்த விரதம்

வெள்ளவத்தை, வெள்ளிக்கிழமை, 1998

வாரத்தில் மூன்று நாள் விரதம் இருக்கிறேன் என்று இன்று டொக்டரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் நிறுத்தச் சொல்வார். போரில் பாதை பூட்டிக் கிடக்க யாழ்ப்பாணத்தில் நிற்கும் தம்பி, கப்பலில் இடம் கிடைத்து இங்கே வந்து சேரும்வரை என்று நான் நேர்ந்துகொண்டது அது.

நடன வகுப்பில் நொந்த கால் எலும்பில் மெல்லிய வெடிப்பாம்.

“ஒவ்வொரு நாளும் பால் குடிக்கிறவ, டொக்டர்,” என்றார் அம்மா. “ஆனா திங்கள், செவ்வாய், வெள்ளி விரதம். தம்பி வந்து சேருமட்டும் எண்டு நேர்த்தி.”

போட்டுக்கொடுத்துவிட்டார்.

“பால் மட்டும் காணாது, பிள்ளை,” என்றார் டொக்டர். “ ஆடுற உடம்புக்குச் சாப்பாடு குறைஞ்சா, அது எலும்பைக் கட்டுறதையும் குறைச்சுப்போடும். தம்பி வரேக்கை நொண்டி நொண்டியோ கூட்டிவரப் போறீர்?”

“அப்ப விரதத்தை நான் பிடிக்கிறன்,” என்றார் அம்மா.

“உங்கட வயசில எலும்புக்கு அது இன்னும் கூடாது.”

மூவரும் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தோம். தேநீர் பிந்தினாலே வீட்டை இரண்டாக்குபவர்.

“நானோ?”

“உங்கட வயித்துக்கு நல்லது, ஐயா,” என்றார் டொக்டர்.

நேர்த்தி ஆள் மாறினால் செல்லுமோ தெரியவில்லை. ஆனால் தம்பியின் விஷயம்; அப்பா தலையாட்டினார்.

மத்தியானம் நான் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். அப்பா வெறுந்தேநீரோடு யன்னலடியில் இருந்து, என்ன கறி என்று மூன்று முறை கேட்டார்.