நிமி கையெழுத்துப் போட்ட தாள்

போடிமெட்டு, 13 ஜூன் 2024, வியாழன்

நிமி,

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீ கையெழுத்துப் போட்ட தாள் ரேஷன் கார்டுக்கானது அல்ல. "ரேஷன் கடையில என் கையெழுத்தையும் கேக்குறாங்களா? அப்ப நானும் பெரிய ஆளுதாம்ப்பா" என்று நீ சிரித்தபோதுகூட நான் உண்மையைச் சொல்லவில்லை.

அது புது மருந்துக்கான சம்மதத் தாள். உன் ரத்தப் புற்றுநோய்க்குப் பழைய மருந்துகள் போதவில்லை என்கிறார் டாக்டர். இந்த மருந்தை விற்க இன்னும் எங்கும் அனுமதியில்லை. டாக்டர் எழுதிக் கேட்டதால் கம்பெனி தருகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை தானே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டுமாம். நீ மாட்டேன் என்றுவிடுவாயோ என்று பயந்துவிட்டேன். "கையெழுத்து வாங்கியாச்சுல்ல, விடுங்க" என்கிறாள் அம்மா. என்னால் விட முடியவில்லை. நேரில் சொல்லவும் வாய் வரவில்லை.

புதுத் தாள் ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் படி. என்னென்ன தொந்தரவு வரலாம் என்பது இரண்டாம் பக்கத்தில். மனமில்லையென்றால் அப்படியே வைத்துவிடு. திட்ட மாட்டேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை முடிந்து நாலு மணிக்கு வந்துவிடுவேன்.

அப்பா

சனிக்கிழமைக்குள் தாள் போகாவிட்டால் மருந்து வராது. இதையும் மறைக்கக் கூடாது.

உனக்கு இப்படி எழுதுவதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பழைய தாளை அடுப்பில் போட்டுவிட்டேன்.