உன் வண்டியின் ரேடியோ பாடுகிறது, அக்கா

பிரியமுள்ள என் அக்காவுக்கு,

உன் வண்டியின் ரேடியோ பாடிவிட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. எல்லோரும் படிக்கும்படிதான் இதை எழுதுகிறேன். உன்னைப் பற்றி ஊரே பேசியது. பதிலும் ஊருக்கே கேட்கட்டும்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பிரசவம் பார்க்க வாழப்பாடிக்குப் போன வழியில் டயர் வெடித்து, வண்டி புளியமரத்தில் மோதியது. கிழிந்து கிடந்த டயரை எல்லோரும்தான் பார்த்தார்கள். உலகச் சண்டைக் காலத்தில் புது டயர் ஏது? ஒட்டுப்போட்ட டயரில்தானே ஊரே ஓடியது? ஆனால் கூடி நின்றவர்களில் ஒருவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "பாட்டுப் பொட்டி வெச்சிருக்குதுங்க இந்தம்மா" என்றாராம். உன் உடல் சேலம் வந்து சேருவதற்குள் அது கதையாகிவிட்டது. லேடி டாக்டர் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்டினாளாம், சொக்கிப்போய் மரத்தில் விட்டாளாம்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் நம் அண்ணனே சொன்னார்: "நான் அப்பவே சொன்னேனுங்க. பொம்பளைக்குக் காரே அதிகம், அதுல பாட்டு வேறயான்னு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று கேட்கிறாயா? ஒருவேளை நீ கேட்டுக்கொண்டுதான் போனாயோ என்று நானும் நினைத்தேன், அக்கா. நீ அனுப்பிய பணத்தில் பட்டணத்தில் கல்லூரி படித்தவள் நான். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்று இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள். என் அக்கா விஷயத்தில் மட்டும் சோதித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

வண்டி அண்ணன் வீட்டுக் கொட்டகையில் நசுங்கியபடியே கிடந்தது. இந்த வருஷம் அரிசி மில்காரர் ஒருவர் விலைக்குக் கேட்டு வந்தார். "அந்தப் பொட்டிய மட்டும் புடுங்கிப் போட்டுட்டுக் குடுங்க. ஆளை முழுங்கின பொட்டி அது" என்றார்.

"அதுக்கென்னங்க, நாளைக்கே புடுங்கிடலாம்" என்றார் அண்ணன்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. அக்கா வண்டியை என் பேருக்கு எழுதி வைத்திருக்கிறாள், நான் விற்கமாட்டேன், ரேடியோவும் இருந்த இடத்திலேயே இருந்து பாடும் என்றேன்.

"பாடி என்ன பண்ண?" என்றார் அண்ணன்.

"வண்டி ஓட்டிக்கிட்டே கேப்பேன்."

"ஊரு சிரிக்கும் கண்ணு."

"சிரிக்கட்டுங்ணா. ரேடியோ சத்தத்துல அது எனக்குக் கேக்கவா போகுது?"

நினைத்துப் பார், அந்த வண்டி முதலில் யாருடையது? ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பும்போது உன்னிடம் விற்றது. வண்டி செய்த தொழிற்சாலையிலேயே ரேடியோவையும் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். அந்தத் துரை அதைப் பாடவிட்டுக்கொண்டுதான் அத்தனை மலை வளைவுகளிலும் ஏறி இறங்கினார். அவர் சொக்கிப்போய் மரத்தில் மோதிவிடுவார் என்று யாராவது கவலைப்பட்டார்களா?

வண்டியை ஆறுமுகம் மேஸ்திரியின் பட்டறைக்கு அனுப்பினேன். ரேடியோவைக் கழற்றி, ரிப்பேர் பார்க்கும் சேதுவிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற ஊட்டு ரேடியோ ஒண்ணை உள்ள வெச்சுக் கட்டிக்கலாமுங்க டீச்சரம்மா" என்றார். முடியாது என்றேன். அதே ரேடியோ, அதே குமிழ்கள், அதே இடம். மோதலில் இரண்டு வால்வுகள் உடைந்திருந்தன. ராணுவம் ஏலம் விட்ட சாமான்களிலிருந்து சேது அவற்றைத் தேடி எடுத்தார். ஒலிபெருக்கியின் காகிதம் கிழிந்திருந்தது. மெல்லிய தாள் வைத்து நானே ஒட்டினேன். கிழிந்த தோலைச் சுருக்கம் விழாமல் நீ தைப்பாயே, அந்தப் பொறுமையோடு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அதை மறுபடி வண்டியில் பொருத்தினோம். திருச்சியிலிருந்து நாதஸ்வரம் வந்தது. தெளிவாக, பக்கத்துத் தெருக் கல்யாணம் மாதிரி. நான் சிரித்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினேன். நாதஸ்வரம் போய், கடலை வறுக்கிற சத்தம் வந்தது. எஞ்சினை நிறுத்தினால் பாட்டு, கிளப்பினால் கடலை.

"பொட்டியில கோளாறு இல்லீங்க. வண்டியிலதான் என்னமோ இருக்குது" என்றார் சேது.

மேஸ்திரி வந்து முன்மூடியைத் திறந்தார். பிளக்குகளைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட சாமி! இது நான் பண்ணின வேலைங்க!"

பெட்ரோல் கிடைக்காத சண்டைக் காலத்தில், கரிப்புகையிலேயே வண்டி ஓட, உன் வண்டியின் பின்னால் கரி அடுப்பைக் கட்டியவர் அவர்தானே. ரேடியோ உள்ள வண்டியில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கறுப்பு மூடி இருக்குமாம். பிளக்கில் பொறி தெறிக்கும் இரைச்சல் ரேடியோவுக்குப் போகாமல் அது தடுக்கும். ஆனால் பொறியின் வேகத்தையும் கொஞ்சம் குறைக்கும். கரிப்புகையில் ஓடும் எஞ்சினுக்குப் பொறி பலமாக வேண்டும். மூடியோடு ஓட்டினால் மேட்டில் வண்டி திக்கி நின்றுவிடும். இப்போது பெட்ரோல் வந்துவிட்டதால் அடுப்பு போய்விட்டது, மூடிகள்தான் திரும்பி வரவில்லை.

"அதனால ஆறையும் கழட்டிட்டேனுங்க. டாக்டரம்மாகிட்டச் சொல்லித்தான் கழட்டினேன். 'அப்பப் பாட்டு?'ன்னாங்க. 'வண்டி ஓடறப்ப வெறும் இரைச்சல்தானுங்கம்மா'ன்னேன். 'பரவால்ல மேஸ்திரி, குழந்தை பொறக்கப் பாட்டு வேண்டாம், வண்டிதான் வேணும்'னு சிரிச்சாங்க."

அது உன் குரல்தான், அக்கா. அவர் வாயிலிருந்து வந்தாலும் உன் குரல்தான்.

"அந்த மூடியெல்லாம் எங்கீங்க மேஸ்திரி?"

"அவங்க கையிலயே குடுத்துட்டேனுங்க."

உன் மருந்துப் பையை நான் இரண்டு வருஷமாகத் திறக்கவில்லை. அன்று திறந்தேன். கத்தரிகளுக்கு அடியில், காயத்துக்குக் கட்டும் துணியில் சுற்றி, ஆறும் இருந்தன. மேலே ஒரு சீட்டு. மருந்துக் கடைக்காரர்கள் திட்டிக்கொண்டே படிக்கும் உன் கையெழுத்து, அதில் மட்டும் குண்டு குண்டாக இருந்தது: "ரேடியோவுக்கு. பெட்ரோல் வந்ததும் மாட்ட வேண்டும்."

உன் பாட்டைத் துணியில் கட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் அந்தக் கடைசிப் பயணமும் போயிருக்கிறாய். நான் எதை நம்பினேன்?

போன வாரம் உன் திதி. அண்ணன் வீட்டில் எல்லா உறவும் கூடியிருந்தது. மில்காரரும் வந்திருந்தார். வாசலில் வண்டியை நிறுத்தி, அண்ணனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். மூடிகள் இல்லாமலே எஞ்சினைக் கிளப்பி, ரேடியோவைத் திருகினேன்.

"நிறுத்து கண்ணு, காது போகுது!"

"இன்னும் கொஞ்சம் கேளுங்ணா. அக்கா கடைசியா ஓட்டினப்ப வண்டி இப்படித்தான் இருந்துது. இதைக் கேட்டு யாராச்சும் சொக்கிப் போவாங்களா?"

எஞ்சினை நிறுத்தினேன். என்னோடு வந்திருந்த மேஸ்திரி ஆறு மூடிகளையும் மாட்டினார். மறுபடி கிளப்பினேன். எஞ்சின் ஓடியது, பாட்டும் ஓடியது. சீட்டை அண்ணன் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து அதைப் படித்தார்.

"இதை அவ எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"நீங்க கேட்டீங்களாண்ணா?"

கேட்ட பிறகு எனக்கே சுருக்கென்றது. நான் மட்டும் கேட்டேனா? அண்ணன் இறங்கிப்போய் மில்காரரிடம், "வண்டி விக்கறதுக்கில்லீங்க" என்றார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி, "எந்தங்கச்சி பாட்டுக் கேட்டுக்கிட்டுப் போகலீங்க. டயர்தான் வெடிச்சுது" என்றார். முன்பு அவர் சொன்னதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதைச் சொன்னார் என்பதையும் எழுதாமல் விடமாட்டேன்.

இன்னொன்றும் ஊருக்குச் சொல்லவேண்டும். நீ கேட்டிருந்தாலும்தான் என்ன? அந்தத் துரைக்கு இருந்த காது உனக்கு இல்லையா? நீ கேட்கவில்லை, அது உண்மை, அதனால் நிரூபித்தேன். பாட்டுக் கேட்பது குற்றம் என்று ஒப்புக்கொண்டு நிரூபிக்கவில்லை.

நீ போய்ச் சேராத அந்த வாழப்பாடி வீட்டில் பிறந்தது பெண். இப்போது தெருவெல்லாம் ஓடுகிறாளாம். வந்து பாருங்கள் என்று அவள் அம்மா ஆள் அனுப்பியிருக்கிறாள். நாளைக் காலை அந்தச் சாலையில் நான்தான் ஓட்டிப்போகிறேன், புது டயரில். அந்தப் புளியமரம் வரும்போது பாட்டைக் குறைக்கமாட்டேன், அக்கா. இன்னும் கொஞ்சம் கூட்டி வைப்பேன். இனி ஒவ்வொரு முறையும் அப்படித்தான்.

உன் வண்டியையும் உன் பாட்டையும் சேர்த்தே ஓட்டுகிற,
உன் தங்கை